எவ்வளவு தூரம்?

நம் விடுதியில் எதிர்ப்படும் நண்பர் எவரையேனும் நிறுத்தி, “சென்னைக்கு இங்கிருந்து எவ்வளவு தூரம்?” என்று கேட்டுப் பாருங்கள். “ஒரு ராத்திரி” என்பார் ரயிலில் போய் வருகிறவர். “ஒரு மணி இருபது நிமிஷம்” என்பார் தகப்பனார் கொஞ்சம் தாராளமாய்ப் பணம் அனுப்பும் பாக்கியம் பெற்றவர். கிலோமீட்டர்க் கணக்கில் விடை சொல்லுகிறவர் அரிது. நானும் ஒரு மாத காலம் இவ்வாறு பலரைக் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒருவர் மட்டும், “ஏறக்குறைய தொள்ளாயிரம் கிலோமீட்டர்” என்றார். வியந்து விசாரித்தேன். ரயில் டிக்கெட்டில் அச்சடித்திருந்ததைப் பார்த்துச் சொன்னாராம். அதுவும் பாலக்காட்டைச் சுற்றி வருகிற ரயிலின் டிக்கெட்!

இதைக் குறையாகச் சொல்லவில்லை. தூரத்தை நேரத்தால் அளப்பது நமக்குப் புதிதன்று. நாழிகை வழி என்று ஒரு சொல் தமிழில் உண்டு. ஒரு நாழிகை, அதாவது இருபத்து நான்கு நிமிஷம், நடந்தால் எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு. ஏறத்தாழ ஒன்றரை மைல். எங்கள் ஆச்சி கிலோமீட்டர் என்ற சொல்லைக் கடைசிவரை வாயில் வைத்ததில்லை. பக்கத்து ஊர்க் கோயில் அவளுக்கு வெற்றிலை ஒருமுறை போட்டு முடிக்கும் தூரம். கன்னியாகுமரி, விடியுமுன் புறப்பட்டால் வெயிலுக்குமுன் சேரும் தூரம். திருவனந்தபுரம் அவள் கணக்கில் தூரமே அல்ல. அவள் பிறந்தபோது நாகர்கோவில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது; 1956 நவம்பர் 1ஆம் நாள் எல்லை மாறியபின்பும், “தலைநகரம்” என்று அவள் சொன்னால் நாங்கள்தாம் எது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு இந்தத் தூரப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் என் அண்ணன். அவன் ஒன்பதாம் வகுப்பிலும் நான் நான்காம் வகுப்பிலும் படித்த காலம். வடசேரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவனுடைய பூகோளப் படப் புத்தகத்தை விரித்துவைத்துக் கொண்டு, ஆச்சியின் தையல் நூலில் ஒரு முழம் அறுத்து, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு இழுத்துப் பிடிப்பான். பிறகு அந்த நூலைப் படத்தின் அடியிலுள்ள அளவுகோலில் வைத்துக் கணக்குச் சொல்லுவான். நான் ஊர்ப் பெயர் சொல்ல வேண்டியது, அவன் தூரம் சொல்ல வேண்டியது. ஆச்சி அருகில் உட்கார்ந்து, நூல் வீணாவதைக் கண்டித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவளும் ஆட்டத்தில் சேர்ந்தாள். “துபாய் எவ்வளவு தூரம் வரும் மக்கா? மெட்ராசை விடத் தூரமா?” என்றாள். எங்கள் தெருவில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் அப்போது அங்கே இருந்தார்கள். அண்ணன் நூலை இழுத்துப் பார்த்துவிட்டு, “மெட்ராசைப்போல் நாலைந்து மடங்கு” என்றான். “அம்மாடி!” என்றாள் ஆச்சி. அவனே பிற்காலத்தில் அந்த ஊரில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதப் போவான் என்று அன்று எங்களில் எவரும் நினைக்கவில்லை.

நூல் பிடித்த கணக்கு பிழையானது என்பதை நான் கல்லூரிக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தால் எங்கேனும் ஓரிடத்தில் இழுபடத்தான் செய்யும். ஆரஞ்சுத் தோலை உரித்து மேசைமேல் பரப்பிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். படத்தில் நேர்கோடாகத் தெரிவது பூமியில் குறுக்குவழி ஆவதில்லை. பூமியின் மையத்தைத் தனக்கும் மையமாகக் கொண்ட பெரிய வட்டத்தின் வில்தான் இரண்டு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய வழி. ஆகவே சாலைக் கடைத்தெருவில் ஒரு சிறு பூகோள உருண்டையை வாங்கி வந்தேன். நூலை அதன்மேல் இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே அந்தக் குறுக்குவழியில் போய்ப் படிந்துகொள்ளுகிறது. உருண்டை சிறியது என்பதால் முடிவை நம்பாமல், அட்சரேகை தீர்க்கரேகைகளை வைத்து முக்கோணக் கணக்கும் போட்டேன். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய இரண்டு இரவுகள் அதில் போயின.

ஒரு கணக்கை மட்டும் எவரும் மனத்தாலேயே போட்டுவிடலாம். நம் விமான நிலையமும் டில்லி விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், கிழக்கே 77 பாகைக்கு அருகில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை. நாம் வடக்கே எட்டரைப் பாகையில்; அவர்கள் இருபத்தெட்டரைப் பாகையில். இடையே இருபது பாகை. பாகைக்கு அறுபது கலை. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். ஆக 1,200 கடல் மைல். கடல் மைல் ஒன்றுக்கு 1,852 மீட்டர் என்று பெருக்கினால் 2,222 கிலோமீட்டர். கப்பலோட்டிகளும் விமானிகளும் இன்னும் கடல் மைலைக் கைவிடாததன் காரணம் இந்த வசதிதான்.

மற்ற ஊர்களின் கணக்கு எனக்கு வியப்பைத் தந்தது. சென்னைக்கு வான்வழியே சுமார் 615 கிலோமீட்டர். இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கோ 360 கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவும் போகட்டும், மாலத்தீவின் தலைநகரான மாலே ஏறத்தாழ 605 கிலோமீட்டர்! அதாவது, நாம் ‘நம் ஊர்’ என்று சொல்லும் சென்னையைக் காட்டிலும், நடுக்கடலில் கிடக்கும் வேற்றுநாட்டுத் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு ஒரு பத்துக் கிலோமீட்டர் பக்கம். விடுதியில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. உருண்டையைக் கொண்டுவந்து நூலைப் பிடித்துக் காட்டினேன். “அப்படியானால் பொங்கலுக்கு மாலேக்குப் போய் வருகிறாயா?” என்றார் நம் மன்றத்து நண்பர் ஒருவர். சென்னைக்குப் போய்வருவது பழக்கம். மாலேக்குப் போவது பயணம். நூலுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

துபாய்க்கு வந்த விடை சுமார் 2,940 கிலோமீட்டர். சென்னையைப்போல் நாலே முக்கால் மடங்கு. அண்ணனின் தையல் நூல் அவ்வளவொன்றும் ஏமாற்றிவிடவில்லை.

தூரம் அளக்கும் இந்த வேலையில் நம் இரண்டு ஊர்களுக்கும் பழைய பங்கு உண்டு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும் பணியை வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய இடம் சென்னைப் பரங்கிமலை. நூறடிச் சங்கிலியை மீண்டும் மீண்டும் கிடத்தி ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டை அளந்தார்கள். பின்னாளில் தெற்கே குமரி வரையிலும் வடக்கே இமயம் வரையிலும் எழுந்த முக்கோணங்களின் வரலாறு அந்தச் சங்கிலியிலிருந்து தொடங்குகிறது. இன்று சென்னையில் வந்திறங்கும் விமானம் அதே பரங்கிமலையின் அடிவாரத்தில்தான் தரை தொடுகிறது. இங்கேயும் நமக்குக் குறைவில்லை. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் நிறுவிய வானாராய்ச்சி நிலையம் இன்று நம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அந்தக் குன்றை நம்மில் எத்தனை பேர் ஏறிப் பார்த்திருக்கிறோம் என்று நான் கேட்கமாட்டேன். எனக்கே மூன்றாம் ஆண்டில்தான் அந்த எண்ணம் வந்தது.

விமானம் இந்த ஊருக்கு வந்த கதை இன்னும் சுவையானது. 1932இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுபோனவர் நெவில் வின்சென்ட். அதே வின்சென்ட்தான் 1935இல் ஃபாக்ஸ் மாத் என்னும் சிறு விமானத்தில் திருவனந்தபுரத்துக்கு வந்தார். சித்திரைத் திருநாள் மகாராஜாவுக்கு வைசிராய் வில்லிங்டன் பிரபு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தும் அதில் வந்ததாம். ஒற்றை எஞ்சின், மணிக்கு நூறு மைலை எட்டாத வேகம். அந்த வேகத்தில் இங்கிருந்து சென்னைக்குப் பறந்தால், இடையில் எங்கும் இறங்காவிட்டாலும், நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். இன்று அந்த நேரத்தில் அண்ணன் துபாயிலிருந்து வந்துவிடுகிறான்.

இனி, நேரக் கணக்கு. பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய எண்ணூறு கிலோமீட்டர் போகிறது. 615ஐ எண்ணூறால் வகுத்தால் நாற்பத்தாறு நிமிஷம். ஆனால் கால அட்டவணையில் ஒரு மணி இருபது நிமிஷம் என்றோ அதற்குச் சற்று மேலாகவோ போட்டிருக்கிறார்கள். மிச்சமுள்ள அரைமணிக்கும் மேற்பட்ட நேரம் எங்கே போயிற்று? முதன்முதல் இதைக் கண்டபோது, கடைக்காரன் எடை குறைத்துவிட்டதுபோல் எனக்குக் கோபம் வந்தது. விசாரித்தால் நியாயம் இருக்கிறது. அட்டவணையிலுள்ள நேரம் பறக்கும் நேரமன்று; நிற்குமிடத்தில் சக்கரத்தின் கட்டையை எடுப்பது முதல், சேருமிடத்தில் நின்று மறுபடி கட்டையை வைப்பது வரையுள்ள நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும். முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் எண்ணூறு கிலோமீட்டர் வேகம் வாராது. பாதையோ நூல் பிடித்த பாதையன்று. வானத்தில் குறித்துவைத்த புள்ளிகள் வழியாகப் போய், இறங்கும்போது காற்றின் திசையைப் பார்த்து ஓடுபாதையின் எந்த முனை என்று தீர்மானித்து, அதற்குத் தக்கபடி வளைந்து வரவேண்டும். இத்தனைக்கும் மேலே, தாமதம் என்ற கெட்ட பெயர் வாராதிருக்கக் கம்பெனிக்காரர்கள் சில நிமிஷங்களைக் கையிருப்பாகவும் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். ஒரு குறுகிய பயணத்தில் இந்தச் சில்லறைகளே பாதி ஆகிவிடுகின்றன. துபாய்ப் பயணத்தில் அவை பெரிதாகத் தெரிவதில்லை. ஆகையால்தான் நாலே முக்கால் மடங்கு தூரம், நேரத்தில் மூன்று மடங்காகச் சுருங்கிப்போகிறது.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. துபாயிலிருந்து வரும்போது நேரம் சற்றுக் குறைவு. போகும்போது சற்று அதிகம். மேல்வானில் மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னால் நின்று தள்ளுவதே காரணம். ஆனால் தென்மேற்குப் பருவ காலத்தில் நம் தீபகற்பத்தின்மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. அதைக் கண்டறிந்து 1958இல் எழுதியவர் பி. கோட்டீஸ்வரம் என்னும் நம் நாட்டு வானிலை அறிஞர். கீழே நம் குடையைக் கிழக்கே இழுக்கும் காற்று. மேலே அதற்கு நேர்மாறாக ஓடும் காற்று! மழைக்காலத்தில் வகுப்புக்குப் போகும்போது இதை நினைத்துக்கொண்டால் நனைவதுகூடக் கொஞ்சம் குறைவாகத் தோன்றும்.

இவையெல்லாம் எந்த ஊர் விமான நிலையத்துக்கும் பொருந்தும். நம் ஊருக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. அதை எந்த முக்கோணத்தாலும் போட முடியாது.

ஆண்டுக்கு இருமுறை, ஐப்பசியிலும் பங்குனியிலும், பத்மநாபசுவாமி கோயில் திருவிழா முடிவில் ஆராட்டு நடக்கிறது. மலையாள நண்பர்கள் அல்பசி என்றும் பைங்குனி என்றும் சொல்லுவார்கள், மாதங்கள் நம்முடையவைதாம். சுவாமி மேற்குக் கோட்டை வழியாகப் புறப்பட்டு, வள்ளக்கடவைக் கடந்து, சங்குமுகம் கடற்கரைக்கு நீராட எழுந்தருளுகிறார். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் உருவிய வாளுடன் முன்னே நடக்கிறார். அந்த வழியின் குறுக்கே, 1930களில், விமான நிலையம் வந்தது. ஊர்வலம் வழி மாறவில்லை. அன்று மாலை நான்கு மணி சுமாரிலிருந்து இரவு ஒன்பது மணி வரை விமானங்கள் வருவதும் போவதும் நிறுத்தப்படுகின்றன. இதை முன்கூட்டியே எல்லா நாட்டு விமானிகளுக்கும் அறிவித்துவிடுகிறார்கள். சுவாமி ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போகிறார். நீராடிய பின் தீவட்டி வெளிச்சத்தில் அதே ஓடுபாதையைக் கடந்து திரும்புகிறார். அதன் பிறகு பாதையைச் சோதித்து விமானங்களை விடுகிறார்கள். பெரிய ஜெட் விமானங்கள் இறங்கும் ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர் ஓடுபாதையில், ஆண்டுக்கு இரண்டு மாலை வேளைகளில், மனிதர் நடக்கும் வேகமே வேகம்.

நான் இங்கே முதலாண்டு படித்தபோது, பங்குனி ஆராட்டைப் பார்க்க நண்பர்கள் இருவரோடு வள்ளக்கடவுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் நின்று, வேலிக்கு அப்பால் நீண்டு கிடந்த வெறும் ஓடுபாதையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரை மணி இருக்கும். அம்மா கைபேசியில் அழைத்தாள். ஆச்சிக்குக் காலையிலிருந்தே நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வரவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாராம். அண்ணனுக்குச் சொல்லியாயிற்று, இரவு விமானத்தில் இடம் வாங்கிவிட்டான். “மாமாவிடம் நீயே பேசு மக்கா, எனக்குப் பேச வரவில்லை” என்றாள்.

மாமா சென்னையில் இருக்கிறார். ஆச்சிக்கு ஒரே ஆண்பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டியவர். அழைத்ததும், “நான் இதோ மீனம்பாக்கத்துக்குக் கிளம்பிவிட்டேன், மருமகனே. திருவனந்தபுரத்துக்கு ஒன்றேகால் மணி நேரந்தானே? எட்டு மணிக்கு இறங்கினால் பத்தரைக்கு வீடு” என்றார். அவருக்கு என் வாயால் ஆராட்டுச் செய்தியைச் சொல்ல நேர்ந்தது. சொல்லும்போதே மேளமும் நாகசுரமும் நெருங்கிக்கொண்டிருந்தன. அவருக்கு அது கேட்டிருக்கும். “இப்போது அங்கே என்ன சத்தம்?” என்றார். “சுவாமி வருகிறார், மாமா” என்றேன். அவர் பேசாமல் இருந்தார்.

ஒன்பது மணிக்குப் பின் வரும் விமானத்தில் இடம் தேடினார், கிடைக்கவில்லை. மதுரைக்குப் போய் அங்கிருந்து கார் பிடிக்கலாமா, தூத்துக்குடிக்குப் போகலாமா என்று யோசித்தார். அந்த விமானங்கள் போய்விட்டிருந்தன. கடைசியில் ஊருக்குள் திரும்பி எழும்பூருக்கு ஓடி, இரவு ரயிலில் ஏறினார். இதில் குறை சொல்ல எவரும் இல்லை. நிறுத்தம் எல்லோருக்கும் தெரிந்த நிறுத்தம். ஆச்சிதான் நாள் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தம்பானூர் வரை நடந்தேன். வேறு வழியில்லை, வண்டிகளெல்லாம் நின்றிருந்தன. பிறகு நாகர்கோவில் பஸ். எழுபது கிலோமீட்டருக்குட்பட்ட வழிதான். அன்று அது களியக்காவிளையில் ஒரு நெரிசல், மார்த்தாண்டத்தில் ஒரு நெரிசல் என்று இழுத்துக்கொண்டே போயிற்று. பத்தரை மணிக்கு வீடு சேர்ந்தேன். நடுவில், தக்கலை அருகே பஸ் நின்றபோது, தலைக்கு மேலே ஒரு விமானத்தின் சத்தம் கேட்டது. ஓடுபாதை திறந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஆச்சி கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தாள். பதினொரு மணி சுமாருக்கு ஒருமுறை கண் திறந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டு, “பெரியவன் எங்க வாறான் மக்கா?” என்றாள்.

அண்ணனுடைய விமானம் நம் நேரப்படி பதினொன்றே முக்காலுக்குத்தான் புறப்பட வேண்டும். எனக்குத் தெரியும். நிமிஷக் கணக்காகத் தெரியும். இருந்தும், “கடலுக்கு மேல வாறான் ஆச்சி” என்றேன்.

“பக்கமா?”

“பக்கந்தான்.”

அவள் தலையை அசைத்தாள். பிறகு மாமாவைக் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. மெட்ராஸ் பக்கத்து ஊர்தானே. வந்துவிடுவான் என்று இருந்திருக்கலாம்.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு ஆச்சி போய்விட்டாள். அம்மா அழுதுகொண்டிருந்தாள். தெருப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். நான் திண்ணைக்கு வந்து கைபேசியை எடுத்தேன். பறக்கும் விமானங்களைப் புள்ளிகளாகக் காட்டும் வசதி இப்போது எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. அண்ணனுடைய விமானத்தைத் தேடினேன். கடைசியாகத் தெரிந்த இடம் அரபிக்கடலின் நடு. வழியில் பாதியைத் தாண்டியிருந்தான். இன்னும் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் இருக்கலாம். நூல் இழுத்துப் பிடித்தது அந்தத் திண்ணையில்தான்.

அண்ணன் மூன்றே முக்காலுக்கு இறங்கி, டாக்சி பிடித்து, ஆறரைக்கு வந்து சேர்ந்தான். வாசலில் கூட்டத்தைக் கண்டபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய் நெடுநேரம் ஆச்சியின் காலடியில் உட்கார்ந்திருந்தான். பிறகு என்னோடு கிணற்றடிக்கு வந்து முகம் கழுவினான். விமானத்தில் கண்ணை மூடவேயில்லை என்றான். முன்னிருக்கையின் முதுகில் ஒரு திரை. அதில் இன்னும் எத்தனை கிலோமீட்டர், இன்னும் எத்தனை நிமிஷம் என்று ஓடிக்கொண்டிருந்ததாம். அதையே பார்த்துக்கொண்டு வந்தேன் என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சினிமா பார்க்கவில்லையா என்று இரண்டு தடவை கேட்டாராம்.

“ஆச்சி என்னைக் கேட்டாளா?” என்றான்.

“கேட்டாள். கடலுக்கு மேலே வருகிறாய் என்று சொன்னேன்.”

“எத்தனை மணிக்கு?”

“பதினொரு மணி இருக்கும்.”

அவன் துபாய் நேரத்தைக் கழித்துப் பார்த்தான். ஒன்றரை மணி வித்தியாசம். “நான் அப்போது வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், மக்கா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, வாளியைக் கிணற்றில் இறக்கி மறுபடியும் தண்ணீர் இறைத்தான். முகத்தை இன்னொரு முறை கழுவிக்கொண்டான்.

எட்டே முக்காலுக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமா இறங்கினார். ரயிலில் இருக்கை கிடைக்காமல் கதவோரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தே வந்திருக்கிறார், சட்டையெல்லாம் தூசி. படியேறும்போது அண்ணனைப் பார்த்துவிட்டு நின்றார்.

“நீ எப்போது வந்தாய்?”

“ஆறரைக்கு, மாமா.”

“துபாயிலிருந்தா?”

அண்ணன் தலையசைத்தான். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.